உண்டு என்பதும் எழுதிக்காட்டுவதும்

சற்றே நீண்ட பதிவு. மொழியியல் நண்பர்கள் இடையில் வரும் வடிவகணிதத்தையும், கணித நண்பர்கள் இடையில் வரும் இலக்கணத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் ஆய்வேட்டின் நான்காம் இயலைச் சென்ற மாதம் முழுவதுமாக நீக்கினேன். அறுபத்திரண்டு பக்கம். உதவித்தொகை முடிய ஏழு மாதமே இருக்கும்போது இது அறிவுடைமையா என்று நெறியாளர் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நண்பர்கள் பலருக்கும் தனித்தனியே காரணம் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு, ஹைதராபாத்தில் கணிதர்களின் மொழியைப் பற்றி ஆய்வு செய்கிறேன். கட்டுரைகளிலும் கருத்தரங்குகளிலும் கரும்பலகை ஓரத்திலும் அவர்கள் கையாளும் சொற்கள் எவ்வகை வேலை செய்கின்றன என்பதே என் கேள்வி. நீக்கப்பட்ட இயலின் மையக் கூற்று இது: வடிவகணிதக் கட்டுரைத் தலைப்புகளில் அடிக்கடி வரும் 'எக்ஸ்ப்ளிசிட்' என்ற பெயரடை, பொருளைச் சேர்ப்பதில்லை, மதிப்பை மட்டுமே சேர்க்கிறது. ஜவுளிக்கடைப் பலகையில் 'அசல் பட்டு' என்று எழுதுவதைப் போல. சசாகி வடிவகணிதத்தில் ஐன்ஸ்டைன் அளவைகளை அமைப்பது பற்றிய கட்டுரைகளை இதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். அத்துறையில் அந்தப் பெயரடை மிகுதி. எனக்குத் துறை தெரியாது என்பதால் சொற்களை 'விலகி நின்று' பார்க்கலாம் என்றும் நம்பினேன். இந்த விலகி நிற்றல் எவ்வளவு வசதியான சொல் என்று இப்போது தோன்றுகிறது.

விடுதியில் எனக்கு இரண்டு ஆண்டு மூத்தவர் ஒருவர், வகையீட்டு வடிவகணிதத்தில் ஆய்வு செய்பவர், பாலக்காட்டுக்காரர். அவரைச் சேச்சி என்றே அழைப்பேன். இயலை அவரிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் படித்துவிட்டு மெஸ்ஸில் எதிரே வந்து அமர்ந்தார்.

"இதை எழுதுவதற்கு முன் ஓர் ஐன்ஸ்டைன் அளவையையாவது கையால் சரிபார்த்தாயா?"

"இல்லை சேச்சி."

"அப்படியானால் இது நீ கேள்விப்பட்டது."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை என் கதவுக்கடியில் நான்கு பக்க அச்சுப்படி ஒன்று கிடந்தது. 2004 மார்ச்சில் கான்ட்லெட், மார்ட்டெல்லி, ஸ்பார்க்ஸ், வால்ட்ரம் ஆகிய நான்கு இயற்பியலாளர்கள் வெளியிட்ட கட்டுரையின் சில பக்கங்கள். ஒரு நீண்ட சமன்பாட்டைப் பென்சிலால் வட்டமிட்டு, 'பள்ளிக்கூட நுண்கணிதம் போதும்' என்று எழுதியிருந்தார்.

இவ்விடத்தில் துறையைச் சற்று விளக்கியாக வேண்டும். மெட்ரிக் என்றால் நம் ஊரில் பள்ளிக்கூடம். வடிவகணிதத்தில், ஒரு வளைந்த வெளியில் நீளத்தையும் கோணத்தையும் அளக்கும் விதி. அதை அளவை என்று சொல்கிறேன். வேண்டுமென்றே எடுத்த சொல்தான். தமிழ்த் தருக்க மரபில் அளவை என்பது அறிவு வரும் வழி. காண்டல், கருதல், உரை என்று முக்கியமாக மூன்றாகப் பகுப்பர். கண்டு அறிவது, கண்டதைக்கொண்டு ஊகித்து அறிவது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது. சேச்சி என்னைக் குற்றஞ்சாட்டியது மூன்றாவதை முதலாவதாகக் காட்டியதற்காக.

அளவை தெரிந்தால் வெளியின் வளைமையைக் கணக்கிடலாம். ரிச்சி வளைமை என்பது அதில் ஒருவகைச் சராசரி. எந்தப் புள்ளியிலும் எந்தத் திசையிலும் அந்தச் சராசரி, அளவையின் ஒரே மடங்காக அமையுமானால் அதுவே ஐன்ஸ்டைன் அளவை. சொல்ல எளிது. அமைக்க முயன்றால், ஒன்றோடொன்று பின்னிய பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் மலைபோல் எதிரே நிற்கும்.

சசாகி வடிவகணிதம் ஒற்றைப்படைப் பரிமாண வெளிகளுக்கு உரியது. ஜப்பானின் செண்டாய் நகரத்துத் தோஹோகு பல்கலைக்கழகத்தில் இருந்த ஷிகேயோ சசாகி 1960களின் தொடக்கத்தில் ஆராய்ந்த கட்டமைப்பு என்பதால் இப்பெயர். அத்தகைய வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ரீப் திசை எனப்படும் தனித்திசை ஒன்று உண்டு. எல்லாப் புள்ளிகளும் ஒருசேர அத்திசையில் நகர்ந்தாலும் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தொலைவு மாறாது. அந்த வெளியை அடியாகக் கொண்டு ஒரு கூம்பை எழுப்பினால் கூம்பு கேலர் வடிவகணிதத்துக்குள் வந்துவிடும். அளவை ஐன்ஸ்டைன் அளவையாகவும் இருந்தால் கூம்பின் ரிச்சி வளைமை பூச்சியமாகிவிடும். இயற்பியலாளர்களை இத்துறைக்குள் இழுத்தது இந்தக் கூம்புதான்.

ஒரு புள்ளியை ரீப் திசையில் நடக்கவிட்டால் என்ன ஆகும்? எல்லாப் பாதைகளும் ஒரே நீளத்தில் சுற்றித் தொடங்கிய இடத்தைச் சேரலாம். வெவ்வேறு நீளங்களில் சுற்றிச் சேரலாம். அல்லது எவ்வளவு நடந்தாலும் தொடங்கிய இடத்தைச் சேராமலே போகலாம். இந்த மூன்றாம் வகையில் ஐன்ஸ்டைன் அளவை அமையாது என்று சீகரும் தியானும் 1994இல் ஊகித்தார்கள். பத்தாண்டுகள் அந்த ஊகம் நின்றது. வேறொன்றைத் தேடிப் போன நால்வரின் கையில், பதினொரு பரிமாண மீயீர்ப்புக் கோட்பாட்டின் தீர்வுகளை வகைப்படுத்தும் வேலையின் உபவிளைவாக, மறுப்பு வந்து விழுந்தது. இரு முழு எண்களால் குறிக்கப்படும் முடிவற்ற வரிசை; எண்களைப் பி, கியூ என்கிறார்கள். பி பெரியது, கியூ சிறியது, இரண்டுக்கும் பொது வகுஎண் கிடையாது. ஒவ்வொன்றும் இருபரிமாணக் கோளத்தையும் முப்பரிமாணக் கோளத்தையும் பெருக்கிக் கிடைக்கும் ஐம்பரிமாண வெளியின் மேல் ஒரு சசாகி–ஐன்ஸ்டைன் அளவை. வட்டமிட்டிருந்தது அதன் சமன்பாடு.

மூன்று இரவுகள் ஆயின. முதல் இரவு ஒரு குறியைத் தவறவிட்டதால் விடிய விடிய வீண். (பள்ளியில் என் கணித ஆசிரியர் அடித்த அடிகள் அனைத்தும் இந்தக் குறிக்காகவே.) சமன்பாட்டில் ஒய் என்றொரு மாறி வருகிறது. அதன் எல்லைகளைத் தீர்மானிப்பது ஒரு முப்படிச் சமன்பாடு: ஒய்யின் முப்படியை இரட்டித்து, ஒய்யின் வர்க்கத்தின் மும்மடங்கைக் கழித்து, ஒரு மாறிலியைக் கூட்டினால் பூச்சியம். மாறிலி பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் இருந்தால் மூன்று மெய்ம்மூலங்கள் கிடைக்கும். ஒன்று குறை எண், இரண்டு மிகை எண்கள். குறைமூலத்துக்கும் சிறிய மிகைமூலத்துக்கும் இடையே ஒய் நடமாட வேண்டும்.

அந்த இரு முனைகளிலும் ஒரு வட்டம் சுருங்கிப் புள்ளியாகிறது. சுருங்கும்போது வேர்க்கடலைப் பொட்டலத்தின் அடிபோல் கூர் விழுந்துவிட்டால் அளவை அங்கே கெட்டுவிடும். பந்தின் உச்சிபோல் வழுவழுப்பாக முடிய வேண்டும். அதற்கு வட்டத்தின் முழுச்சுற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று இரண்டு முனைகளிலும் தனித்தனியே கணக்கிட வேண்டும். முனைகள் இரண்டு, வட்டமோ ஒன்று. இரண்டும் வெவ்வேறு விடை சொன்னால் எல்லாம் பாழ்.

நான் எதிர்பார்த்தது அதைத்தான். மூலங்கள் இரண்டும் வெவ்வேறு எண்கள். அவற்றைச் சமன்பாட்டில் இட்டால் வெவ்வேறு விடைகள்தாமே வரும்? இரண்டாம் இரவு, ஒரு காரணியின் வகைக்கெழுவைப் பூச்சியத்துக்கு அருகே விரித்தபோது மூலம் தொகுதியில் வந்தது. மற்றக் காரணியை விரித்தேன். மூலம் பகுதியில் வந்தது. பெருக்கினேன். அடிபட்டுப் போயிற்று. எஞ்சியது வெறும் ஒன்று. எந்த மூலமாயினும் ஒன்றே. இரு முனைகளும் இரண்டு பை என்ற ஒரே சுற்றைக் கேட்டன. நான் காகிதத்தைத் திருப்பிவைத்துவிட்டு, நம்பாமல், முதலிலிருந்து மறுபடி செய்தேன். மறுபடியும் ஒன்று.

அடுத்த நிபந்தனை இன்னொரு வட்டத்தைப் பற்றியது. அது முறிவின்றி ஒட்டிக்கொள்ள, இரு மூலங்களின் வேறுபாடு விகிதமுறு எண்ணாக இருக்க வேண்டும். துல்லியமாகச் சொன்னால், கியூவின் மும்மடங்கைப் பியின் இருமடங்கால் வகுத்த எண். மிக எளிய சோடியான 2, 1ஐ எடுத்துக்கொண்டேன். ஒரு மூலம்: ஒன்றிலிருந்து 13இன் வர்க்கமூலத்தைக் கழித்து எட்டால் வகுத்தது. மற்றொன்று: ஏழிலிருந்து 13இன் வர்க்கமூலத்தைக் கழித்து எட்டால் வகுத்தது. இரண்டும் விகிதமுறா எண்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வர்க்கமூலங்கள் மறைந்து, முக்கால் நிற்கிறது. தமிழில் ஒரே சொல்லில் சொல்லிவிடக்கூடிய எண்.

மறைந்த 13இன் வர்க்கமூலம் எங்கும் போய்விடவில்லை. ரீப் திசையில் நடப்பவனைத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பவிடாமல் தடுப்பது அதுவே. பியின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி, கியூவின் வர்க்கத்தின் மும்மடங்கைக் கழித்தால் முழுவர்க்கம் கிடைக்க வேண்டும். கிடைத்தால் பாதைகள் மூடும், கிடைக்காவிட்டால் பெரும்பாலான பாதைகள் மூடுவதே இல்லை. 2, 1க்கு 16இலிருந்து 3 போக 13. மூடாது. மறுநாள் மெஸ்ஸில் சாம்பார் ஆறும்வரை ஒவ்வொரு சோடியாகப் போட்டுப் பார்த்தேன். மூடுகிற முதல் சோடி 7, 3: 196இலிருந்து 27 போக 169. மீண்டும் பதின்மூன்று, இம்முறை வர்க்கமாக. தற்செயல்தான் என்றாலும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வெளியின் மொத்தப் பருமனிலும் அதே எண் இருக்கிறது. அலகு ஆரமுள்ள ஐம்பரிமாணக் கோளத்தின் பருமனை ஒன்று என்று கொண்டால், 2, 1க்குரிய வெளியின் பருமன், 13இன் வர்க்கமூலத்தைப் பதின்மூன்றால் பெருக்கி 46ஐக் கூட்டி 324ஆல் வகுத்தது; சுமார் 0.287.

'எக்ஸ்ப்ளிசிட்' அலங்காரச்சொல் என்று எழுதியவனின் நிலையை இப்போது எண்ணிப் பாருங்கள். இப்படிப்பட்டது இல்லை என்று பெரியோர் இருவர் ஊகித்திருந்தார்கள். அதை மறுக்க, மொழியியல் படித்த ஒருவன் விடுதி அறையில் மூன்று இரவில் சரிபார்த்துவிடக்கூடிய ஒரு சமன்பாடு போதுமாயிருந்தது. அந்தச் சொல் அங்கே ஓர் உரிமையை வழங்குகிறது. நிபுணரின் உரையை நம்பத் தேவையில்லை, நீயே கண்டுகொள் என்கிறது.

என் சொந்தத் துறையிலேயே இதற்கு இணை இருந்தும் நான் காணவில்லை என்பது கூடுதல் வெட்கம். 1963இல் கிரீன்பெர்க் முப்பது மொழிகளை வைத்து, எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஆகியவற்றின் ஆறு வரிசைகளில் மூன்று அறவே வருவதில்லை அல்லது மிக மிக அரிது என்றார். செயப்படுபொருள் முதலிலும் எழுவாய் கடைசியிலும் வரும் மொழி இருக்கவே முடியாது என்று பலர் நம்பினர். 1977இல் டெஸ்மண்ட் டெர்பிஷயர், பிரேசில் நாட்டு ஹிஷ்கரியானா மொழியின் வாக்கியங்களைக் கொண்டுவந்து வைத்தார். நிறுவல் எதுவும் தேவைப்படவில்லை, வாக்கியங்களே போதும். முதுகலை முதலாண்டில் இதை வியந்து படித்தவன், கணிதர்கள் அதையே செய்தால் அலங்காரம் என்று எழுதினேன்.

தமிழில் இதற்கு நல்ல சொல்லும் இருக்கிறது. 'வெளிப்படையான அளவை' என்றால் ஊழலற்ற நிர்வாகம் போல ஒலிக்கும். 'காட்டு' என்ற துணைவினையே பொருத்தம்: செய்துகாட்டு, பாடிக்காட்டு, எழுதிக்காட்டு. எதிரில் ஒருவர் இருப்பதும், அவர் பார்த்துத் தானும் செய்துகொள்ளலாம் என்பதும் அதற்குள் அடக்கம். ('சொல்லிக்காட்டு' மட்டும் குடும்பச் சண்டைக்குப் போய்விட்டது.) எழுதிக்காட்டிய அளவை என்றே இனி எழுதுவதாக இருக்கிறேன்.

வெற்றிக் களிப்போடு இதையெல்லாம் சேச்சியிடம் சொன்னேன். அவர் மகிழவில்லை.

"இப்போது மறுபக்கம் சாய்ந்துவிட்டாய். எழுத முடிந்ததுதான் இருப்பது என்று நினைக்கிறாய்."

அந்த அளவை ஏன் எழுதக்கூடியதாக அமைந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் விளக்கினார். அந்த வெளிக்குச் சமச்சீர்மை மிக அதிகம். ஐந்து பரிமாணங்களில் நான்கைச் சமச்சீர்மையே விழுங்கிவிடுகிறது. எஞ்சுவது ஒய் என்ற ஒற்றை மாறி. மலைபோன்ற பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் ஒற்றை மாறியின் சமன்பாடாகச் சுருங்குவதால்தான் பள்ளிக்கூட நுண்கணிதம் போதுமாயிற்று. சமச்சீர்மை குறையக் குறையக் கை எழுதாது. பாயர், கலிட்ஸ்கி, கொல்லார் மூவரும் 2005இல் வெளியிட்ட கட்டுரையில், ஐம்பரிமாணக் கோளத்தின் மேல் மட்டும் 68 வெவ்வேறு சசாகி–ஐன்ஸ்டைன் குடும்பங்கள் உண்டு என்று நிறுவினார்கள். நிறுவியதோடு சரி, சமன்பாடாக எதையும் எழுதிக்காட்டவில்லை. தளத்தை மூன்று புள்ளிகளில் ஊதிப் பெருக்கிய சிக்கல் பரப்பின் மேல் கேலர்–ஐன்ஸ்டைன் அளவை உண்டு என்பது 1980களிலேயே தெரியும். அதை எண்முறையில், கணினியில், தோராயமாகத்தான் எட்டிப் பிடித்திருக்கிறார்கள். ஒரே ஒரு புள்ளியில் ஊதினால் அப்பரப்பின் மேல் அத்தகைய அளவை கிடையவே கிடையாது. ஆனால் அதற்கு ஒரு பரிமாணம் மேலே, ஐம்பரிமாணத்தில், அதற்குரிய சசாகி–ஐன்ஸ்டைன் அளவை இருக்கிறது. நான் மூன்று இரவு சரிபார்த்த 2, 1 அதுவேதான். உண்டு என்று தெரிந்த இடத்தில் எழுத முடியவில்லை. கீழே இல்லை என்றான இடத்துக்கு மேலே எழுதக் கிடைக்கிறது. இதைக் கேட்டபின் வெகுநேரம் நான் பேசவில்லை.

பிறகு பேச்சு 'உண்டு' என்ற சொல்லின் மேல் திரும்பியது. அவருக்கும் எனக்கும் பொதுவான சொல். மலையாளத்தில் உண்டு, ஆணு என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாரா மோகனனும் கே. பி. மோகனனும் 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மொழியியல் வகுப்பில் அது எங்களுக்குப் பாடம். தமிழில் உண்டு, ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்பது நன்னூல் கண்ட வழக்கு. 'இருக்கிறது' என்றால் காலம் தெரியும். எங்கே என்று கேட்கத் தோன்றும். 'உண்டு' அக்கேள்விகளுக்கு இடங்கொடாமல் நிற்கிறது. கடவுள் உண்டு, நாளை விடுமுறை உண்டு, இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டு. இருப்புத் தேற்றத்துக்கு இதைவிடத் துல்லியமான வினை வேறு மொழியில் எனக்குத் தெரியாது.

"என் ஆய்வேடு முழுவதும் அந்த ஒரு சொல்தான்" என்றார் சேச்சி.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட வகை வெளிகளில் சசாகி–ஐன்ஸ்டைன் அளவை ஒன்றை எழுதிக்காட்டுவதற்காகவே அவர் ஆய்வில் சேர்ந்திருக்கிறார். இரண்டரை ஆண்டுகள் முயன்றிருக்கிறார். சமச்சீர்மை போதவில்லை. கடைசியில் உண்டு என்று மட்டும் நிறுவ முடிந்தது. அதை அனுப்பிய இதழிலிருந்து, ஓர் எடுத்துக்காட்டேனும் சமன்பாடாகத் தரப்படாததால் வாசகருக்குப் பயன் குறைவு என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்திருக்கிறது. நான் அலங்காரம் என்று எழுதிய சொல்லுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர், என் அறுபத்திரண்டு பக்கத்தை இரண்டு நாளில் பொறுமையாகப் படித்து, ஓரங்களில் எழுத்துப்பிழைகளையும் திருத்திக் கொடுத்திருந்தார்.

இயலை நீக்கியது அன்றிரவு. புதிய நான்காம் இயலில் இப்போது பதினொரு பக்கம் இருக்கிறது. தலைப்புகளை எண்ணுவதை விட்டுவிட்டேன். கருத்தரங்குகளில் ஒருவர் 'உண்டு' என்று நிறுத்தும்போது கேட்பவர்கள் என்ன கேட்கிறார்கள், 'இதோ' என்று எழுதும்போது என்ன கேட்கிறார்கள் என்று பதிவுசெய்துகொண்டிருக்கிறேன். உதவித்தொகைக்குள் முடியாது. நெறியாளருக்கும் அது தெரியும்.

சென்ற வெள்ளியன்று சேச்சியின் வாய்மொழித் தேர்வு. கடைசி வரிசையில் ஒலிப்பதிவுக் கருவியோடு அமர்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, இவற்றில் ஒன்றையாவது சமன்பாடாக எழுதிக்காட்ட இயலுமா என்பது.

"இயலாது" என்றார் சேச்சி. "உண்டு என்று மட்டும் தெரியும்."

தேர்வாளர் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த கேள்வி வர, என் பதிவின்படி, இருபத்தாறு நொடி ஆயிற்று. அது மூன்றாம் இயலின் இரண்டாம் துணைத்தேற்றத்தைப் பற்றியது.